ஈரச்சாக்கு

சாக்கை நனைப்பது கனிஷ்காவின் வேலை. அறையில் ஃப்ரிட்ஜ் கிடையாது. மொட்டைமாடிக் குளியலறையின் மூலையில் பழைய சிமென்ட் தொட்டி ஒன்று கிடந்தது. அதில் பாட்டிலைப் படுக்கவைத்து, மேலே கோணிச்சாக்கைப் போட்டு, காலையிலும் மதியத்திலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவந்தால் மே மாத வெயிலிலும் பாட்டில் சில்லென்று இருக்கும். யோசனை செல்லக்கனியுடையது. உடன்குடியில் அவள் அப்பா பதநீர்ப் பானையை அப்படித்தான் வைப்பாராம்.

சுங்குவார்சத்திரத்தில் அந்தக் கோடையில் மின்சாரம் வருவதும் போவதும் யாருக்கும் பிடிபடவில்லை. மாடியறையில் குடியிருந்த மூன்று பெண்களும் செல்போன் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தார்கள். செல்லக்கனி மூத்தவள், இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தாள். விளக்குக்குக் கீழே ஒவ்வொரு துண்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கீறல் கண்டுபிடிப்பது அவள் வேலை. சங்கரன்கோவில் பக்கத்து மாரிசெல்வி பேக்கிங்கில். கனிஷ்கா கோவில்பட்டியிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள், அசெம்பிளி லைனில் நின்றுகொண்டே இருப்பாள்.

வார விடுமுறை மூவருக்கும் சேர்ந்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் பீர் குடித்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே பாட்டில். கடைக்குப் பெண்கள் போகமுடியாது என்பதால் கம்பெனி வேன் ஓட்டும் சக்திகுமார் வாங்கிவந்து, பேக்கரி கவரில் சுற்றிக் கொடுப்பான். ஒருமுறை குடித்ததை மறுமுறை வாங்கக் கூடாது என்று செல்லக்கனி விதி வைத்திருந்தாள். குடித்துப் பார்த்து, லைனில் சொல்வதுபோலவே பாஸ், ரீவொர்க், ரிஜெக்ட் என்று தீர்ப்புச் சொல்வார்கள். பீர் என்ற வார்த்தை வாயில் வராது. சாம்பிள் என்பார்கள். பிள்ளைப்பாக்கம் ஹாஸ்டலிலும் மறைமலை நகரிலும் இருந்த தோழிகள் போன் போட்டு, "இந்த வாரம் என்ன சாம்பிள்?" என்று கேட்பார்கள். அவர்களும் தாங்கள் ருசித்ததைச் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு சக்திகுமார் பாண்டிச்சேரி சவாரியிலிருந்து இரண்டு பாட்டில் கொண்டுவந்திருந்தான். ஏதோ வெளிநாட்டு லேபிள்.

"கோதுமைல செஞ்சதாம்க்கா. கடைக்காரன் சொன்னான், இது குடிக்கறவனுக்கு இல்ல, ருசி பாக்கறவனுக்குன்னு. ஒடனே உங்க நெனப்புதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஜன்னலைச் சாத்தி, ஊதுவத்தி ஏற்றி, பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். நடுவில் வறுத்த நெத்திலிக் கருவாடும் மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்றும்.

"மொதல்ல மோந்து பாருங்க. யாரும் வாயில வைக்கப்பிடாது" என்றாள் செல்லக்கனி.

"கலங்கலா இருக்கேக்கா. கெட்டுப்போச்சோ?" என்றாள் கனிஷ்கா.

"அதுக்க நெறமே அப்படித்தாம் போல. மோந்து பாருட்டி."

மாரிசெல்வி டம்ளரை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடினாள். "ஏளா, பழ வாசம்லா வருது! நல்லாப் பழுத்த பூவம்பழம். அதுக்கடியில என்னமோ... கிராம்பு. பல்லுவலிக்கு வைப்பம்லா, அந்த வாசம்."

"கசப்பே இல்ல" என்றாள் கனிஷ்கா, ஒரு மடக்கு குடித்துவிட்டு. "போன மாசம் அந்தச் செவப்பு லேபிளக் குடிச்சிட்டு நாக்கு செத்துப்போச்சு எனக்கு. இது அப்படியே இறங்குது."

"நொரையப் பாரு, மோர் மாதிரி நிக்கி. விடிய விடிய வச்ச பதநியில ஒரு புளிப்பு வரும் பாத்தியா, அந்தப் புளிப்பு இதுல கிடக்கு" என்று செல்லக்கனி நாக்கைச் சப்புக்கொட்டினாள். "நான் பாஸ் போடுதேன்."

"பாஸ்" என்றாள் கனிஷ்கா.

"டபுள் பாஸ்க்கா. நான் இதுவரைக்கும் குடிச்சதிலயே இந்த மாதிரி இல்ல" என்றாள் மாரிசெல்வி.

மறைமலை நகரில் கார் கம்பெனி சீட் தைக்கும் லீலாவுக்குப் போன் போட்டார்கள். அவள் இந்தக் கூட்டத்திலேயே பெரிய ருசிக்காரி. பச்சைப் பாட்டில் ஒன்றை இவர்களுக்குச் சிபாரிசு செய்தவளும் அவள்தான். கோதுமை என்றதும் அவள் குரல் உயர்ந்தது.

"பாவிகளா, எனக்கு ஒரு வாய் வைக்காம முடிச்சிட்டீங்களா?"

"இன்னொன்னு இருக்குட்டி. தொறக்கல."

"தொடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன். நான் வந்து மோந்து பாத்து, நீங்க சொல்லுத கிராம்பு இருக்கா இல்லியான்னு சொல்லுதேன்."

அப்படித்தான் அந்த இரண்டாவது பாட்டில் சாக்குக்கடியிலேயே இருந்தது.

கீழே வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். கோதண்டமும் அவர் மனைவி கிளியம்மாளும். அவர்களுடைய நிலம் தொழிற்பேட்டைக்குப் போனபோது வந்த பணத்தில் இந்த மாடி எழும்பியது. மிச்சப் பணத்தைக் கோதண்டம் குடித்தார். வயிறு பானைபோல வீங்கி, நீர் எடுத்து, பிழைத்து வந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. அன்றிலிருந்து தொடவில்லை. அறை கேட்டு வந்த அன்றே கிளியம்மாள் மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொல்லிவிட்டாள்.

"ஆம்பளப் பசங்களுக்கு நான் வூடு வுடறதில்ல. ஏன்னா அந்த நாத்தம் இந்த வாசப்படிய தாண்டக்கூடாது. இன்னொரு தபா குடிச்சா நான் மருந்து எழுத மாட்டேன்னுட்டாரு டாக்டரு. நீங்க பொண்ணுங்க, உங்களாண்ட அந்தத் தொல்ல இல்ல. அதான் வுடறேன்."

அதை நினைத்து அவர்கள் கவனமாகத்தான் இருந்தார்கள். டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். காலி பாட்டிலைத் துணியில் சுற்றி வேனில் சக்திகுமாரிடமே கொடுத்தனுப்பினார்கள். கிளியம்மாளின் வாசலைத் தாண்டும்போதெல்லாம் மாரிசெல்வி மட்டும் துப்பட்டாவை வாய்மேல் இழுத்துவிட்டுக்கொள்வாள். ஏன் என்று மற்ற இருவரிடமும் சொன்னதில்லை.

புதன்கிழமை அவர்களுக்கு மதிய ஷிப்ட். காலையில் மோட்டார் ஓடியும் மாடிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. கோதண்டம் ஸ்பேனர் பையோடு மாடிக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சட்டை தோள்பட்டையில் தொங்கும். மேலிருந்த தண்ணீர் டேங்கைப் பார்த்துவிட்டுக் குளியலறைக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தார். மாரிசெல்வி அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கனிஷ்கா தூங்கினாள். செல்லக்கனி துணி மடித்தாள். மூவரில் யாருக்குமே அப்போது சிமென்ட் தொட்டியின் நினைவு வரவில்லை.

"கொழா வாசர் போயிக்கீது பாப்பா. கடைக்குப் போய் வாங்கியாறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு அவர் படியிறங்கினார்.

சமையல் முடிந்து, கனிஷ்கா எழுந்து சாக்கை நனைக்கப் போனாள். போன வேகத்தில் திரும்பிவந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பாட்டில் இல்ல."

"என்னட்டி சொல்லுத?"

"சாக்க நாலா மடிச்சி ஓரமா வச்சிருக்கு. பாட்டில் இல்லக்கா."

மூவரும் போய்ப் பார்த்தார்கள். சாக்கு கலைந்திருந்தால்கூட மாரிசெல்விக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அது ஒழுங்காக, ஓரம் ஓரத்தோடு சேர்ந்து மடிந்திருந்தது. அவசரப்படாமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

அப்போது கீழேயிருந்து கிளியம்மாளின் குரல் வந்தது. "யம்மா பாப்பா! உங்க ஐயா மேலயா கீறாரு? சோறு ஆறிப்போவுது!"

செல்லக்கனி கைப்பிடிச் சுவரருகே போய்க் குனிந்தாள். "வாசர் வாங்கப் போனாவம்மா!"

"அது அப்பவே சொன்னாரே. கடை தோ தெரு முக்குலதான கீது. போனும் இங்கியே வச்சிட்டுப் போயிக்கிறாரு."

உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"தூக்கிப் போட்டிருப்பாரு" என்றாள் செல்லக்கனி. "நம்மள ஒன்னும் சொல்லாம எங்கியாவது கொண்டுபோயி ஒடச்சிருப்பாரு. நல்ல மனுசன்லா."

"ஒடைக்கதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம்?" என்றாள் மாரிசெல்வி.

"அக்கா, சொல்லிராதீங்கக்கா" என்றாள் கனிஷ்கா. "இந்தம்மா எங்க வீட்டுக்குப் போன் போட்டுச்சுன்னா எங்க மாமா அன்னைக்கே பஸ் ஏறி வந்துருவாரு. அப்புறம் நான் கோவில்பட்டியத் தாண்ட முடியாது. பொம்பளப்பிள்ளைக ரூம்ல பீர் பாட்டில்னா ஊரே சிரிக்கும்க்கா."

"சொன்னா ரூம் போயிரும். இந்தத் தெருவுல வேற யாரும் தரமாட்டாவ" என்றாள் செல்லக்கனி. "ஏளா, நாமளே போயித் தேடுவம். கெடைச்சா பேசாம கூட்டியாந்துருவம்."

"எங்கன போயித் தேடுவ? அவரு எங்கன போவாருன்னு அந்தம்மாவுக்குத்தான தெரியும்."

சக்திகுமாருக்குப் போன் போட்டார்கள். அவன் கேட்டவுடன் பதறினான். "ஐயோ அக்கா, என் பேர மட்டும் இஸ்துடாதீங்க. வண்டி ஓனரு வேலைய வுட்டே தூக்கிடுவாரு. அவரு ஒன்னியும் பண்ணிக்க மாட்டாரு, ஒரு பீருதான? சாயங்காலத்துக்குள்ள வந்துடுவாரு பாருங்க."

ஒரு பீர்தானே. மாரிசெல்வியும் அதையே தனக்குச் சொல்லிப் பார்த்தாள். மனம் தேறவில்லை. மற்ற இருவரும் கம்பெனி கோட்டை மாட்டி, தலையை வாரி, அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்கள். வேன் வரும் நேரம். மாரிசெல்வி கோட்டைக் கையில் எடுத்தாள், மாட்டவில்லை. சாதம் குக்கரிலேயே இருந்தது. யாரும் சாப்பிடவில்லை. கீழே கிளியம்மாள் யாரிடமோ, "எங்கூட்டுக்காரர எங்கினா பாத்தியா?" என்று கேட்பது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொருவரிடம் அதையே கேட்டாள். இரண்டாம் முறை குரல் மாறியிருந்தது.

"நான் சொல்லப்போறேன்" என்றாள் மாரிசெல்வி.

"மாரி!"

"அந்தாளு எங்கனயாவது விழுந்து கிடந்தா?"

செல்லக்கனி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கனிஷ்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

கிளியம்மாள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை வேலை செய்தது, கண் தெருவில் இருந்தது.

"அம்மா, உங்களாண்ட ஒன்னு சொல்லணும்" என்றாள் மாரிசெல்வி. கிளியம்மாள் பேச்சில் வரும் அந்த 'ஆண்ட' தன் வாயில் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. "எங்க பாத்ரூம் தொட்டியில ஒரு பீர் பாட்டில் வச்சிருந்தோம். அதக் காணல. ஐயா வந்துட்டுப் போனப்புறந்தான் காணல."

கிளியம்மாளுக்கு முதலில் புரியவில்லை. "எவன் வச்சான்?"

"யாரும் இல்லம்மா. நாங்கதான். நாங்க குடிக்கதுக்கு வாங்குனது."

முறத்திலிருந்த கீரை சரிந்தது. கிளியம்மாள் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இன்னும் வந்திருக்கவில்லை. வேறு ஏதோ இருந்தது.

"எத்தினி?"

"ஒன்னுதாம்மா."

"ஒன்னுதான். அவரும் அதான் சொல்வாரு."

அவள் செருப்பும் போடாமல் தெருவில் இறங்கினாள். மாரிசெல்வி பின்னால் ஓடினாள்.

வாசர் விற்கும் கடையில் அவர் வரவேயில்லை என்றார்கள். டீக்கடையில் பார்க்கவில்லை. மதுக்கடைச் சந்தின் முனையில் கிளியம்மாள் ஒரு கணம் நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே எட்டிப்பார்த்தாள். அங்கேயும் இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பஸ் நிறுத்தத்தருகே கம்பெனி வேன் ஹாரன் அடித்து அவர்களை ஒட்டி நின்றது. உள்ளே இரண்டாவது வரிசையில் செல்லக்கனியும் கனிஷ்காவும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சக்திகுமார் ஸ்டியரிங்கிலிருந்து எட்டிப்பார்த்தான். கிளியம்மாளின் வெறுங்காலைப் பார்த்தான்.

"காலைல ட்ரிப்பு வரும்போது பாத்தேன்மா" என்றான் மெதுவாக. "கண்ணாடி கம்பெனி காம்பவுண்டு ஓரமா போய்கினு இருந்தாரு. கைல பை வச்சிருந்தாரு."

கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம கொல்லி" என்றாள். "வேர்க்கடல போடுவோம் அங்க."

தொழிற்பேட்டைக்குப் போன அவர்கள் நிலம் இருந்த இடத்தில் நீளமான காம்பவுண்டுச் சுவர் ஓடியது. சுவருக்கு வெளியே வாய்க்கால் மேடு, அதில் வேலிகாத்தான் புதர். புதர் நிழலில் சுவரில் சாய்ந்து கோதண்டம் உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் பை மடியில். பாட்டில் பக்கத்தில் மண்ணில் குத்தி நிறுத்தப்பட்டிருந்தது. அடியில் இரண்டு விரல் அளவு மிச்சம்.

அவர்களைப் பார்த்ததும் அவர் பயப்படவில்லை. முகம் தெளிவாக, சொல்லப்போனால் சந்தோஷமாக இருந்தது.

"கிளி, வா. இத மோந்து பாரேன். சாராய நாத்தமே இல்ல, பழ வாசன வருது."

"எழுந்திரு."

"இன்னா பீரு பாப்பா இது?" என்று அவர் மாரிசெல்வியிடம் திரும்பினார். "பூவம்பழம் மாரி கீது. அடில கிராம்பு. நான் எத்தினியோ குடிச்சிக்கிறேன், இத மாரி குடிச்சதே இல்ல."

ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்வி பாயில் உட்கார்ந்து சொன்ன அதே வார்த்தைகள். தான் கண்டதை இன்னொருவரும் காணும்போது வரும் சந்தோஷம் அவளுக்குத் தெரியும். லீலாவிடம் அதற்காகத்தான் போன் பேசுவாள். இப்போது அதே சந்தோஷம் இந்த மனிதரின் மஞ்சள் பூத்த கண்ணில் தெரிந்தது.

"எங்கினா கெடைக்குமா இது? நம்மூர்க் கடைல வருமா?" என்று கேட்டார்.

கிளியம்மாள் பாட்டிலை எடுத்து மிச்சத்தை மண்ணில் கவிழ்த்தாள். அடிக்கவில்லை, திட்டவில்லை. அவருடைய கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தாண்ட புடி" என்று மாரிசெல்வியிடம் சொன்னாள்.

சாலைக்கு வருவதற்குள் அவர் இரண்டு முறை வாந்தியெடுத்தார். இரண்டாவதில் கறுப்பாக ஏதோ கலந்திருந்தது. அதைப் பார்த்த கிளியம்மாள் ஓசையில்லாமல் அழத் தொடங்கினாள். ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் போகிறவரை அவர் தலை மாரிசெல்வியின் மடியில் கிடந்தது. உதடு உலர்ந்திருந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் மூச்சு நின்றுவிட்டதோ என்று அவர் மார்பைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோனார்கள். வராந்தாவில் பெஞ்ச் இல்லை, தரையில் உட்கார்ந்தார்கள். கிளியம்மாளின் பாதத்தில் முள் தைத்து ரத்தம் காய்ந்திருந்தது. மாரிசெல்வி டீ வாங்கிவந்தாள். கிளியம்மாள் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாளே தவிர குடிக்கவில்லை. யாராவது வெள்ளைக் கோட்டோடு கதவைத் திறந்தால் இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள். அந்தச் சாயங்காலம் முழுக்க கிளியம்மாள் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

கோதண்டம் பிழைத்துக்கொண்டார். உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது, நின்றுவிட்டது, இனிமேல் எங்கள் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் போல இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்த அன்று கிளியம்மாள் மாடிக்கு ஆள் அனுப்பி, மாசக் கடைசியோடு அறையைக் காலி செய்யச் சொன்னாள். ஊருக்கு யாருக்கும் போன் போடவில்லை. தெருவில் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. மோட்டார் சரியில்லை, பொண்ணுங்களுக்குத் தண்ணி பத்தல என்று பக்கத்து வீட்டில் அவள் சொன்னதைக் கனிஷ்கா கேட்டுவிட்டு வந்து அழுதாள்.

லீலா இடையில் போன் செய்தாள். சாம்பிள் என்ன ஆச்சு என்றாள். "இல்ல" என்று மட்டும் சொல்லி மாரிசெல்வி வைத்துவிட்டாள்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் இடம் கிடைத்தது. காலி செய்த காலையில் செல்லக்கனியும் கனிஷ்காவும் பெட்டிகளோடு முன்னால் போனார்கள். மாரிசெல்வி அறையைக் கூட்டிக்கொண்டிருந்தபோது கிளியம்மாள் சாவி வாங்க மேலே வந்தாள். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவள் மாடிப்படி ஏறியது அன்றுதான். வெறும் அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"நேத்து பிராந்திக் கடையாண்ட போய் நின்னுகினு இருந்தாரு" என்றாள். "உள்ள போகல. சும்மா நின்னுகினு இருந்தாரு. நான் போய் கூட்டியாந்தேன்."

மாரிசெல்வி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "எங்களாலதாம்மா" என்றாள்.

கிளியம்மாள் அதை மறுக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒன்னு கேக்கறேன், சொல்லு. மூணு பேரும் ஒரு பாட்லுதான் குடிப்பீங்களா?"

"ஆமாம்மா."

"அத்தோட நிறுத்திடுவீங்களா? மறுநாள் வேலைக்குப் போயிடுவீங்க?"

"ஆமா."

"எப்டி நிறுத்தறீங்க?"

குத்திக்காட்டவில்லை, அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். மாரிசெல்வி யோசித்தாள். இதுவரை யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. தன்னையே அவள் கேட்டுக்கொண்டதும் இல்லை.

"தெரியலம்மா" என்றாள் கடைசியில். "நாங்க ஒன்னும் செய்யதில்ல. போதும்னு வாயே சொல்லிரும்."

"அவருக்கும் வாய் கீதே" என்றாள் கிளியம்மாள்.

கீழே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ எழுந்து செருப்பைத் தேடும் சத்தம். சாவியைக்கூட வாங்காமல் கிளியம்மாள் வேகமாகப் படியிறங்கினாள்.